தந்தியை எந்த இடத்தில் மீட்டுவது?

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ், காவிரிப் பாலம் தாண்டி மாம்பழச் சாலையைத் தொட்டு, திருவானைக்காவல் வழியாகப் போகிறது. அந்தத் திருவானைக்காவலில், தாத்தா வீட்டில், 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சி.வி.ராமன். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால் சிறு வயதிலேயே ஊரைவிட்டுப் போய்விட்டார். 1928இன் ஒளிச்சிதறல், 1930இன் நோபல் பரிசு எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்கு முன்னால் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் தந்திகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்பதைத்தான் பாடப் புத்தகங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. கல்கத்தாவில் பகலில் நிதித்துறை உத்தியோகம், காலையும் மாலையும் பௌபஜார் ஆய்வுக்கூடம். 1916இல் செல்லோவின் ‘ஓநாய்ச் சுரம்’ பற்றி எழுதினார். 1918இல் வயலின் குடும்பத்துத் தந்திகளின் அதிர்வு பற்றி ஒரு பெரிய நூல். 1921இல் தம்புராவும் வீணையும்.

திருச்சியில் இன்று பேஸ் கிட்டார் தூக்கும் பிள்ளைகளுக்கு இந்த மூன்றும் நேரடியாக உதவும். சர்ச் பாடற்குழு, கல்லூரி விழா, கல்யாண மெல்லிசைக் கச்சேரி என்று எங்கே வாசிப்பவர்களானாலும், நாலு பேர் கூடினால் பேச்சு என்ன கம்பெனி, என்ன பிக்கப், ஆம்ப் எத்தனை வாட்ஸ் என்றுதான் ஓடுகிறது. சுவையான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கடையில் இல்லை, தந்தியில் இருக்கிறது.

பேஸ் கிட்டாரின் நாலு தந்திகளும் ஒரே நீளம். 1951இல் லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற கிட்டாரைக் கொண்டுவந்தபோது வைத்த 34 அங்குலம்தான் இன்றைக்கும் பெரும்பாலான கம்பெனிகளின் அளவு. தடித்த ஈ தந்தி நொடிக்கு 41 முறை அதிரும், ஏ 55, டி 73, மெல்லிய ஜி 98. நீளம் ஒன்றாக இருக்க, சுருதி மட்டும் எப்படி இறங்குகிறது? மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். எடை கூடினால் அதிர்வு மந்தமாகும். இங்கேயும் அதே கணக்குதான். வழக்கமான செட்டில் ஜி தந்தியின் தடிமன் 0.045 அங்குலம், ஈ தந்தியின் தடிமன் 0.105. அதாவது 2.3 மடங்கு. எடை தடிமனின் வர்க்கத்தில் ஏறும், ஐந்தரை மடங்கு ஆகும். அதிர்வெண் எடையின் வர்க்கமூலத்தில் இறங்கும், ஆகவே மறுபடி அதே 2.3. 98ஐ அதால் வகுத்துப் பாருங்கள், 42 வரும். ஈ தந்திக்கு வேண்டியது 41. ஆக, நாலு தந்திகளையும் ஏறக்குறைய ஒரே இழுப்பில் முறுக்கலாம். தந்திக்கு 20 கிலோ என்றால் நாலுக்கும் சேர்த்து 80 கிலோ. ஒரு பெரிய ஆள் நெக்கைப் பிடித்து இரவும் பகலும் தொங்கிக்கொண்டிருக்கும் பாரம் அது. நெக்குக்குள் ட்ரஸ் ராடு என்ற எஃகுக் கம்பி ஓடுவது அதைத் தாங்கத்தான். கத்திரி வெயிலில் காய்ந்த மரம் ஐப்பசி மழையில் ஈரம் குடிக்கும்போது நெக்கின் வளைவு மாறும். ‘நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, இன்னைக்கு ஃப்ரெட்ல இடிக்குது’ என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஈ தந்தியை 2.7 மில்லிமீட்டர் முழுக் கம்பியாகப் போட்டால் அது கம்பியாக இருக்காது, தடியாகிவிடும். விறைப்பு கூடினால் மேற்சுரங்கள் விலகிப்போய் அபசுரம் தட்டும். அதனால்தான் உள்ளே மெல்லிய எஃகு, அதன்மேல் சுற்றிச் சுற்றி வேறு கம்பி. அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் புகுந்தால் தந்தி ‘செத்துவிடும்’. பழைய தந்தியை வெந்நீரில் கொதிக்கவைத்து உயிர் கொடுக்கும் வைத்தியம் உலகம் முழுக்க உண்டு. சில நாள் தாங்கும். அமெரிக்காவின் மோட்டவுன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தந்தியை மாற்றவே மாட்டார் என்பார்கள். அவருக்கு வேண்டியது அந்தச் செத்த ஒலிதான்.

இனி மீட்டும் இடம். ஒரு தந்தியை மீட்டினால் அடிச்சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று மேற்சுரங்கள் சேர்ந்தே பிறக்கின்றன. ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தந்தியில் அசையாத புள்ளிகள் உண்டு. எந்தப் புள்ளியில் மீட்டுகிறீர்களோ, அங்கே அசையாமல் இருக்கவேண்டிய மேற்சுரம் பிறக்காது. தந்தியின் நட்டநடுவே, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே, ஈ தந்தியை மீட்டிப் பாருங்கள். இரட்டைப்படை மேற்சுரங்கள் காணாமல் போய், உள்ளீடற்றதுபோல ஓர் ஒலி வரும். ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதே இடத்தில் விரலை லேசாக வைத்து எடுங்கள். ஒற்றைப்படைச் சுரங்களும் அடங்கிவிடும், மிச்சம் கிட்டத்தட்ட மௌனம். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மீட்டினால் மேற்சுரங்கள் திமுதிமுவென்று வரும், ஒலி கம்பி மாதிரி விறைக்கும். ஒரு பைசா செலவில்லாமல் விரலை ஒரு சாண் நகர்த்திக் கிடைக்கும் இந்த வித்தியாசத்தை, பிக்கப் மாற்றி வாங்கப் பார்க்கிறவர்கள் பலர்.

இதே சோதனையைத் தம்புராவில் செய்தால் விதி உடைகிறது. நடுவில் மீட்டி நடுவிலேயே விரல் வைத்தாலும் மேற்சுரங்கள் அடங்காமல் ரீங்கரிக்கும். பிறக்கவே கூடாத சுரங்கள் பலமாக ஒலிப்பதைத்தான் ராமன் 1921 கட்டுரையில் எடுத்துக்காட்டினார். காரணம் குதிரை. தம்புராவின் குதிரை கூர்முனையல்ல, மேடு தட்டிய அகலப் பரப்பு. அதில் சொருகும் நூலின் தயவில், அதிரும் தந்தி ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பரப்பை உரசி உரசி விலகுகிறது. அந்த உரசல்தான் புதிய மேற்சுரங்களை ஊற்றுகிறது. லாரி கிரஹாம் பிரபலமாக்கிய ‘ஸ்லாப்’ முறையில், கட்டைவிரலால் ஓங்கி அடிக்கும் பேஸ் தந்தி ஃப்ரெட்டுகளில் மோதித் தெறிக்கிறதே, அந்தத் தெறிப்பும் இதன் உறவுதான். தம்புராவில் மணிக்கணக்காக மெல்ல நடப்பது இங்கே ஒரு நொடியில் முரட்டுத்தனமாக நடக்கிறது. ஆக்‌ஷனை மிகவும் இறக்கி, அதாவது தந்திகளை ஃப்ரெட்டுகளுக்கு ஒட்டினாற்போல் வைத்த கிட்டாரில் கேட்கும் ‘ஜிர்ர்’ சத்தமும் அதே சாதி. நமக்கு வேண்டும்போது வந்தால் சங்கீதம், வேண்டாதபோது வந்தால் கோளாறு.

பிக்கப்பும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுச் செப்புக் கம்பி. மேலே இரும்புத் தந்தி அசைந்தால் கம்பியில் மின்னழுத்தம். 1831இல் ஃபாரடே கண்டதற்கு மேல் இதில் மந்திரம் ஒன்றுமில்லை. பிக்கப் உட்கார்ந்திருக்கும் புள்ளியில் எந்த மேற்சுரம் அசையவில்லையோ, அது பிக்கப்புக்குக் கேட்காது. 1960இல் வந்த ‘ஜாஸ் பேஸ்’ கிட்டாரில் இரண்டு இடங்களில் பிக்கப் வைத்தார்கள். ஒன்றுக்குக் கேட்காதது மற்றதற்குக் கேட்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு ஒரு வியாதி, மின்சார இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாத பந்தலில் ஆம்பைப் போட்டதும் கேட்கும் ‘ம்ம்ம்’, அந்தச் சுரத்தின் மேலேயே குந்திக்கொள்ளும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அங்கே அது பி சுரத்துக்குப் பக்கத்தில் போய்விடும். இரைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எர்த் இல்லாத மேடையில் ஒரு கையில் தந்தியையும் வாயருகே மைக்கையும் வைத்துக்கொண்டு நிற்பது உயிருக்கே ஆபத்து.

எந்த மரம் உசத்தி என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு உலகெங்கும் கிட்டார்க்காரர்களிடம் மவுசு. என் கட்சி இதுதான்: பிக்கப் கேட்பது தந்தியை, மரத்தையல்ல. மரத்தின் வேலை பெரும்பாலும் தந்தியிடமிருந்து திருடுவது. பல பேஸ் கிட்டார்களில் ஜி தந்தியின் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட் வரை எங்கோ ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும். ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் நெக்கின் இயல்பான அதிர்வெண்ணும் பொருந்திவிடுவதால் நெக் குலுங்குகிறது. கரை உடைந்த வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போகாத மாதிரி, தந்தியின் ஆற்றல் அங்கே ஒழுகிப்போகிறது. ராமன் ஆராய்ந்த செல்லோவின் ஓநாய்ச் சுரமும் தந்தியும் உடலும் இப்படி மோதிக்கொள்வதுதான். செல்லோவில் வில் விடாமல் ஆற்றல் ஊட்டுவதால் சுரம் ஊளையிடுகிறது. பேஸில் மீட்டிவிட்டு விரலை எடுத்துவிடுகிறோம், அதனால் மடிகிறது.

அடுத்தது வாட்ஸ். நம் காதுக்குக் கீழ்ச்சுரம் என்றால் இளக்காரம். 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடமாகவே போட்டார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபெலில் எவ்வளவு சத்தமாகத் தெரியுமோ, அந்த அளவு தெரிய 40 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 80 டெசிபெலுக்கு மேல் வேண்டும். திறனில் பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். லீட் கிட்டார்க்காரர் 50 வாட்ஸில் காதைக் கிழிக்கும்போது பேஸ்காரர் 300 வாட்ஸ் வைத்துக்கொண்டும் ‘கேக்குதா?’ என்று கேட்பது இதனால்தான்.

அப்படியானால் உள்ளங்கை அகல ஸ்பீக்கர் கொண்ட டிரான்சிஸ்டரில் நாம் பேஸ் கேட்டு வளர்ந்தது எப்படி? 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தின் மத்திய அலையில் 41 ஹெர்ட்ஸ் நம் வீட்டு ரேடியோவை எட்டியிருக்க வாய்ப்பே இல்லை. எட்டியவை 164, 205, 246 போன்ற மேற்சுரங்கள். அவற்றுக்கு இடையே உள்ள 41 என்ற இடைவெளியைப் பார்த்து மூளை அடிச்சுரத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தியதில்லை. ஆனாலும் 120 ஹெர்ட்ஸ் சுற்றிப் பேசும் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்டது. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜாவின் பேஸ் வரிகள் டீக்கடை ரேடியோவிலும் மனப்பாடமானதற்கு இந்தக் காது வித்தை பாதிக் காரணம். மறுபாதி, எழுதிய விதம். பாட்டுக்குப் பின்னால் தாளம் தட்டிக்கொண்டிராமல், எதிர்மெட்டாக மேலேறி நடக்கும் வரிகள் அவை. அவர் குழுவில் வாசித்த சசிதரனையும், பின்னாளில் ரகுமான் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் பெயர் தெரியாமலே கேட்டவர்கள் கோடிப்பேர் இருப்பார்கள்.

கடைசியாக, வாசிக்கும் அறை. திருச்சி வெயிலில், 35 டிகிரியில், ஒலி நொடிக்கு 352 மீட்டர் ஓடும். ஈ தந்தியின் ஓர் அலை எட்டரை மீட்டர், அதாவது 28 அடி. அதில் பாதி 14 அடி. நம் வீடுகளில் 14 அடி அறை சர்வசாதாரணம். அங்கே ஈ சுரம் மட்டும் சுவருக்குச் சுவர் நின்று குமுறும், அடுத்த சுரம் சாதுவாக இருக்கும். கிட்டாரைக் குறை சொல்லாதீர்கள், ஆம்பை மூலையிலிருந்து இரண்டு அடி தள்ளி வையுங்கள்.

முதல் பேஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: நாலு தந்தி போதும். ஐந்தாவது தந்தியின் பி சுரம் 31 ஹெர்ட்ஸ், நம் ஊர் மேடை ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு அது எட்டாது. கடையில் ஆம்பில் செருகுவதற்கு முன் வெறுமனே வாசித்துப் பாருங்கள். ஜி தந்தியில் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி, எந்தச் சுரம் சீக்கிரம் சாகிறது என்று எண்ணுங்கள். நெக்கை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். கையிலுள்ள பணத்தில் பாதியைக் கிட்டாருக்கும், மீதியை நல்ல ஸ்பீக்கர், புதுத் தந்தி, தெரிந்த ஆளிடம் செட்டப் ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். பிக்கப் மாற்றும் யோசனையை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம்.