பிளேடை எடுக்கும் முன் கேட்க வேண்டியவை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வரை உள்ள கரிசல் ஊர்களில் உடம்பு வலி இல்லாத வீட்டைப் பார்ப்பது அபூர்வம். குழித்தறியில் நாள் முழுக்க உட்காரும் நெசவாளிக்கு இடுப்பு வலி. விடியுமுன் குனிந்து மல்லிகை பறிக்கும் பெண்ணுக்கு முதுகு வலி. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுபவருக்குத் தோள்பட்டை வலி. கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை ஒரு கட்டத்தில் கேட்காமல் போகும். அப்போதுதான் 'மாத்திரை இல்லை, பக்கவிளைவு இல்லை, ஒரே தடவையில் கெட்ட ரத்தத்தை எடுத்துவிடலாம்' என்று, குவளை வைத்து உறிஞ்சும் கப்பிங் விளம்பரம் கண்ணில் படுகிறது.

இது புதிய வித்தை அல்ல. சீனாவின் மாவாங்துயி என்ற இடத்தில் கி.மு. 168-ல் மூடப்பட்ட கல்லறையை 1973-ல் திறந்தபோது கிடைத்த பட்டுச்சுவடிகளிலேயே கொம்பு வைத்து உறிஞ்சும் முறை பற்றிய குறிப்பு இருக்கிறது. கொம்புக்குப் பிறகு மூங்கில் குழாய் வந்தது, அதன் பிறகு கண்ணாடிக் குவளை வந்தது. நம் நாட்டில் சுசுருத சம்ஹிதை கொம்பு, சுரைக்குடுவை, அட்டை மூன்றையும் ரத்தம் எடுக்கும் கருவிகளாகச் சொல்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் உறிஞ்சல், அட்டைவிடல், குருதி வாங்கல் ஆகியவை உண்டு. யுனானியில் கப்பிங்குக்கு ஹிஜாமா என்று பெயர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் தெரிந்த கருஞ்சிவப்பு வட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு உலகம் முழுக்க இதன் மீது ஆர்வம் கூடியது.

செய்முறை எளிது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் குவளைக்குள் ஒரு நொடி காட்டி எடுத்து, உடனே முதுகில் கவிழ்ப்பார்கள். உள்ளே சூடான காற்று ஆறிச் சுருங்கும்போது தோல் மேலே இழுக்கப்பட்டு உப்பும். நெருப்பு வேண்டாம் என்பவர்கள் பிளாஸ்டிக் குவளையில் கைப்பம்பை மாட்டிக் காற்றை உறிஞ்சுகிறார்கள். தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைவதால்தான் அந்த வட்டத் தடம் வருகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். இதோடு நின்றால் அது உலர் கப்பிங். நெருப்பைக் கவனமில்லாமல் கையாண்டால் தோல் வெந்துபோகும் என்பதைத் தவிர, திடமான உடம்புள்ளவருக்கு இதில் பெரிய ஆபத்து இல்லை. கழுத்து வலி, முதுகு வலிக்குச் சில நாள் ஆறுதல் கிடைக்கலாம் என்று ஆய்வுகள் சில சொல்கின்றன. அந்த ஆய்வுகளின் தரம் பெரும்பாலும் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிளேடு உள்ளே வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. குவளையை எடுத்துவிட்டு, உப்பிய தோலில் சின்னச் சின்னதாகக் கீறி, மறுபடியும் குவளையை வைப்பார்கள். சில நிமிடத்தில் குவளைக்குள் கருஞ்சிவப்பாக, கட்டி கட்டியாக ரத்தம் சேரும். அதைக் காட்டி, 'பாருங்கள், இத்தனை நாளும் உங்கள் உடம்பில் இருந்த கழிவு' என்பார்கள். பார்த்தவர் நம்பிவிடுவார். ஆனால் அது கழிவு அல்ல. யார் உடம்பைக் கீறி உறிஞ்சினாலும் வெளியே வரும் ரத்தம் சற்று நேரத்தில் உறைந்து கருக்கும். உடம்பின் கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. நல்ல ரத்தத்தை விட்டுவிட்டுக் கெட்ட ரத்தத்தை மட்டும் உறிஞ்சி எடுக்கும் குவளை எதுவும் கிடையாது.

ரத்தத்தின் வழியே வரும் தொற்று என்ன செய்யும் என்பதை விருதுநகர் மாவட்டம் நேரில் பார்த்திருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அதே 2018-ல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தபோது, ஒரே ஊசியைப் பலருக்கும் போட்ட போலி மருத்துவர் மீது புகார் எழுந்தது. கப்பிங்கில் ஊசி இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஒருவரைக் கீறிய பிளேடும், ரத்தம் படிந்த குவளையும் அடுத்தவரிடம் போனால் அதே கதைதான். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூட குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். குவளையைத் தண்ணீரில் அலசித் துணியால் துடைப்பது சுத்தம் ஆகாது.

ரத்தசோகை உள்ளவர்களிடம் ரத்தம் எடுப்பது இன்னொரு கொடுமை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. களைப்பும் மூச்சு வாங்கலும் இருக்கிறது என்று வரும் பெண்ணிடம் 'கெட்ட ரத்தம்' எடுத்தால் அந்தக் களைப்பு கூடத்தான் செய்யும். சர்க்கரை நோயாளிக்குக் கீறல் ஆறாமல் சீழ் வைக்கலாம். இதய நோய்க்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் எளிதில் நிற்காது. கர்ப்பிணிகளும் முதியவர்களும் குழந்தைகளும் இதன் பக்கமே போக வேண்டாம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது 'சுகர் மாத்திரையை நிறுத்துங்கள், கப்பிங்கே போதும்' என்ற பேச்சு. மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்தியவர் கண்ணையோ காலையோ உயிரையோ பறிகொடுக்கும் நிலைக்குப் போகலாம். சர்க்கரை நோய், பக்கவாதம், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கோ மந்திரத்துக்கோ விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. அப்படி வாய் கூசாமல் வாக்குறுதி தருபவரிடம் உடம்பைக் கொடுக்கக் கூடாது.

யார் செய்யலாம்? சித்த மருத்துவர் தமிழ்நாடு சித்த மருத்துவக் கவுன்சிலிலும், யுனானி, ஆயுர்வேத மருத்துவர்கள் தமிழ்நாடு இந்திய மருத்துவ வாரியத்திலும் பதிவு செய்திருக்க வேண்டும். சில நாள் பயிற்சி முடித்துச் சுவரில் மாட்டிய சான்றிதழ் மருத்துவப் பதிவு ஆகாது. பதிவில்லாமல் இந்திய மருத்துவம் பார்ப்பவருக்கு 2020-ம் ஆண்டின் சட்டப்படி ஓராண்டு வரை சிறையும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தகுதியில்லாத முறையில் வைத்தியம் பார்ப்பதே கவனக்குறைவு என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே பூனம் வர்மா வழக்கில் சொல்லிவிட்டது. மருத்துவமனை நடத்த 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் முகாம் போடுபவரிடமும் பதிவு எண்ணைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 'டாக்டர், உங்க பதிவு நம்பர் என்ன? புது பிளேடை என் கண் முன்னால பிரிப்பீங்களா? இந்தக் கப்பு வேற யாருக்கும் வச்சதா?' இந்த மூன்று கேள்விக்கும் முகம் சுளிப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். என்ன செய்யப் போகிறார், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று சொல்லி உங்கள் சம்மதம் பெற்ற பிறகே தோலில் கை வைக்க வேண்டும். சம்மதம் கொடுத்துப் படுத்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பிரச்சினை வந்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் முதல் சாட்சி.

பிளேடு பழையது என்ற சந்தேகம் வந்தால் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் இன்னும் நல்லது. அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்கோ விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ நேரே போய் நடந்ததைச் சொல்லுங்கள். அங்குள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவு ரகசியமாக இருக்கும். ஹெபடைட்டிஸ் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் அங்கேயே வழி கேளுங்கள். காயத்தின் படம், ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க வேண்டாம்.

புகாரை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநரிடமும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். உயிருக்கு ஆபத்து வரும்படி நடந்துகொண்டால் காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 125-வது பிரிவின் கீழ் வழக்குப் பதியலாம். இழப்பீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வழி தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, அதற்கான எண் 15100.

வலிக்கு வேறு வழி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் சித்தப் பிரிவில் ஒற்றடமும், உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் காசில்லாமல் கிடைக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைப் பதிந்து வையுங்கள்.