பழைய லைக்காக் கமெராக்களை இனங்காணல்: இலக்கமும் வடிவமும்

ஒரு பொருளின் காலத்தை அறிவதற்கு அதன்மேற் பொறிக்கப்பட்ட எழுத்து ஒரு சான்று; அப்பொருளின் ஆக்கமுறை மற்றொரு சான்று. இரண்டும் ஒத்துநிற்குமிடத்து ஐயம் எழுவதில்லை. அவை முரணுமிடத்தே ஆராய்ச்சி தொடங்குகின்றது. வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்திலுள்ள பிராமிச் சாசனங்கள் விசாகன் என்னும் தமிழ் வணிகனைக் குறிப்பிடுகின்றன. அவற்றில் ஆண்டு எதுவும் பொறிக்கப்படவில்லை. ஆயினும் எழுத்துக்களின் வரிவடிவத்தை ஒப்புநோக்கி அவை கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என அறிஞர் துணிந்தனர். கல்லின் காலத்தைக் காட்டும் இம்முறை, இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலையில் உருவான பொறிகளுக்கும் பொருந்துவதேயாகும். இக்கருத்தை விளக்குதற்கு ஜேர்மனியின் லைக்காக் கமெரா தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

தோற்றமும் பெயரும்

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் நுணுக்குக்காட்டிகளைச் செய்துவந்த ஏர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் ஒஸ்கார் பார்னாக் என்பவர் பொறிவினைஞராகப் பணியாற்றினார். கனத்த மரப்பெட்டிக் கமெராவும் கண்ணாடித் தட்டுகளும் வழக்கிலிருந்த அக்காலத்தில், சட்டைப்பையில் அடங்கத்தக்கதொரு கருவியை ஆக்க அவர் முயன்றார். 1913, 1914ஆம் ஆண்டுகளில் அவர் செய்த முன்மாதிரிகள், சினிமாவுக்குரிய 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளையே பயன்படுத்தின. சினிமாப் படத்தின் இரு சட்டங்களை ஒன்றாக இணைத்து, 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட படத்தை அவர் பெற்றார். 1925ஆம் ஆண்டு லைப்சிக் நகரின் வசந்தகாலச் சந்தையில் இக்கருவி மக்கள் முன் வைக்கப்பட்டது. லைட்ஸ், கமெரா என்னும் இரு சொற்களின் முதலசைகள் கூடி லைக்கா என்னும் பெயர் பிறந்தது.

இதற்குரிய வில்லையை மக்ஸ் பெரெக் வகுத்தார். அது முதலில் அனஸ்டிக்மாற் எனவும், பின்னர் எல்மக்ஸ் எனவும் பெயர்பெற்றது. ஐந்து கண்ணாடிகளால் அமைந்த எல்மக்ஸின் இடத்தை, நான்கே கண்ணாடிகளாலான எல்மார் விரைவிற் பெற்றது. ஆகவே முதற்காலக் கருவியொன்றில் அனஸ்டிக்மாற் அல்லது எல்மக்ஸ் என்ற பெயர் காணப்படின், அது மிகத் தொடக்கக் காலத்தது எனக் கொள்ள இடமுண்டு.

தொலைவுமானி தொழிற்படும் முறை

1925ஆம் ஆண்டுக் கருவியில், படமெடுக்கப்படும் பொருள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை அளக்கும் அமைப்பு இல்லை. படம் எடுப்போர் தொலைவைக் கண்ணால் மதித்தனர். அல்லது தனியானதொரு தொலைவுமானியைக் கமெராவின்மேற் பொருத்தி, அது காட்டிய அளவை வில்லைக்கு மாற்றினர். 1932ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் லைக்காவிலேயே தொலைவுமானி கமெராவின் தலைப்பகுதியில் அமைந்து, வில்லையுடன் இணைந்து இயங்கலாயிற்று.

அதன் தத்துவம் எளிது. முன்புறத்தில், ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் இடைவெளியில், இரு சிறு சாளரங்கள் உள்ளன. அவற்றின் வழியே வரும் இரு விம்பங்களும் கண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. வில்லையைத் திருகும்போது அதன் பின்விளிம்பு கமெராவினுள்ளே இருக்கும் ஒரு சிறு புயத்தைத் தள்ளும். அப்புயத்தின் அசைவால் ஒரு விம்பம் இடம்பெயரும். இரு விம்பங்களும் ஒன்றாகப் பொருந்தும் நிலையில் வில்லையும் சரியான தூரத்துக்குக் குவிந்திருக்கும். மனிதன் இரு கண்களால் தொலைவை உணரும் முறைக்கு இது நிகரானது.

இவ்விணைப்பு நிறைவேற ஒரு முன்னேற்பாடு வேண்டியிருந்தது. 1930ஆம் ஆண்டில் வில்லையைக் கழற்றி மாற்றும் வசதி வந்தது. ஆயினும் அப்பொழுது ஒவ்வொரு வில்லையும் தனித்தனிக் கமெராவுக்கெனச் சரிசெய்யப்பட்டு, அதற்குரிய இலக்கக் குறியையும் தாங்கியிருந்தது. ஒரு கமெராவின் வில்லை மற்றொன்றிற் செம்மையாகப் பொருந்தாது. 1931ஆம் ஆண்டில் வில்லை அமரும் விளிம்புக்கும் படச்சுருளின் தளத்துக்கும் இடையேயுள்ள தூரம் 28.8 மில்லிமீற்றர் என வரையறுக்கப்பட்டது. அவ்வாறு வரையறுக்கப்பட்ட கருவியின் விளிம்பில் "0" என்னும் குறி பொறிக்கப்பட்டது. எந்த வில்லையும் எந்தக் கமெராவுக்கும் பொருந்தும் நிலை வந்த பின்னரே தொலைவுமானியை வில்லையோடு இணைத்தல் இயல்வதாயிற்று. கண்ணிற் படாத அச்சிறு சுழி, ஒரு தொழில்நுட்ப வரலாற்றின் திருப்பத்தைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

வடிவ வேறுபாடுகள்

இரண்டாம் லைக்காவில் ஷட்டர் எனப்படும் மூடுதிரையின் வேகம் 1/20 செக்கனில் தொடங்கி 1/500 செக்கனில் முடியும். முன்முகத்தில் வேறு சில்லு எதுவும் இல்லை. 1933ஆம் ஆண்டு வந்த மூன்றாம் லைக்காவின் முன்முகத்தில், 1 செக்கன் வரையான மெதுவேகங்களுக்கெனச் சிறு சில்லொன்று சேர்ந்தது. தோள்வாரைக் கோக்கும் வளையங்களும், பார்ப்பவரின் கண்ணுக்கேற்பத் தொலைவுமானியைத் திருத்தும் நெம்பும் அதில் இடம்பெற்றன. தொலைவுமானியின் விம்பமும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கப்பட்டது.

1935ஆம் ஆண்டின் மூன்று 'அ' வகையில் உச்சவேகம் 1/1000 செக்கனாக உயர்ந்தது. 1938ஆம் ஆண்டின் மூன்று 'ஆ' வகையில், முன்னர் விலகியிருந்த பார்வைத் துளையும் தொலைவுமானித் துளையும் அருகருகே கொண்டுவரப்பட்டன. 1940ஆம் ஆண்டின் மூன்று 'இ' வகை அச்சில் வார்க்கப்பட்ட உடலைப் பெற்று, முன்னையவற்றிலும் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீண்டது. இவ்வகைகள் வெட்ஸ்லாரில் ரோம எழுத்துவரிசையால் வழங்கப்பட்டவை. தமிழில் அவ்வரிசைக்கு நிகரான எழுத்துக்கள் ஈண்டு ஆளப்பட்டன.

மேற்பூச்சும் ஒரு சான்றாகும். தொடக்கக் காலக் கருவிகள் கறுப்பு மெருகும் நிக்கல் பூசிய திருகுகளும் உடையவை. குரோமியப் பூச்சு 1933ஆம் ஆண்டிலேயே வந்தது. வில்லையின் துவார அளவுகளும் காலத்தைச் சொல்லும். போருக்கு முந்திய எல்மார் வில்லைகளில் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்னும் பழைய வரிசை காணப்படும். பிற்காலத்தனவற்றில் 3.5, 4, 5.6, 8, 11, 16 என்னும் வரிசை அமைந்திருக்கும். எனினும் வில்லை கழற்றத்தக்கது ஆதலால், அதன் காலத்தை உடலின் காலமெனக் கொள்ளுதல் பிழையாகும்.

இலக்கமும் மாற்றியமைப்பும்

ஒவ்வொரு லைக்காவின் தலைத்தகட்டிலும் தொடர் இலக்கம் பொறிக்கப்பட்டுள்ளது. 30,000ஐ ஒட்டிய இலக்கம் 1929ஆம் ஆண்டைச் சுட்டும். இரண்டாம் லைக்காவின் இலக்கங்கள் 71,200ஐ ஒட்டித் தொடங்கும். இலக்கத்தைப் பார்த்த அளவிலே ஆண்டைத் துணிந்துவிடலாம் எனப் பலர் எண்ணுவர். ஆயின் 30,000ஐ ஒட்டிய இலக்கமுடைய ஒரு கருவியிலே தொலைவுமானி காணப்படுமாயின், அதனை எவ்வாறு கொள்வது? தொலைவுமானி அக்கருவிக்கு மூன்று ஆண்டுகளின் பின்னர் தோன்றியதன்றோ?

அதற்குரிய விடை வெட்ஸ்லார் தொழிற்சாலையின் வழக்கத்திலே உண்டு. பழைய கமெராவை வைத்திருப்போர் அதனைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, புதிய வகையின் உறுப்புக்களைப் பொருத்திப் பெற்றுக்கொள்ளும் வசதியை லைட்ஸ் நிறுவனம் அளித்தது. முதலாம் லைக்கா இரண்டாவதாயிற்று, இரண்டாவது மூன்றாவதாயிற்று. சில கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மாற்றம் பெற்றன. உடல் மாறினும் பழைய இலக்கம் பெரும்பாலும் நிலைத்தது. ஆதலால் 1932ஆம் ஆண்டு இலக்கத்துடன் மெதுவேகச் சில்லு இருப்பினும், 1933ஆம் ஆண்டு இலக்கத்துடன் 1/1000 செக்கன் வேகம் இருப்பினும், அவற்றைப் போலியென ஒதுக்குதல் தகாது. இலக்கம் பிறந்த ஆண்டைச் சொல்கின்றது. வடிவம் வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கின்றது. மாற்றியமைக்கப்பட்ட கருவி, பழையதை எறியாது பேணிய ஒரு காலத்தின் சிக்கன உணர்வுக்கும் சான்றாகும்.

போலிகள்

இலக்கமும் வடிவமும் ஒத்திருந்தும் பொருள் பொய்யாதல் உண்டு. 1934ஆம் ஆண்டு முதல் உக்ரேனின் கார்க்கிவ் நகரில், இரண்டாம் லைக்காவைப் பின்பற்றி ஃபெட் என்னும் கமெரா செய்யப்பட்டது. கல்வியாளர் மக்கரென்கோவின் பெயரோடு இணைந்த இளைஞர் இல்லமொன்றின் தொழிற்கூடத்தில் அது உருவாயிற்று. டிசெர்ஜின்ஸ்கியின் முழுப்பெயரின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. போரின் பின்னர், 1948ஆம் ஆண்டு முதல், மொஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்கில் ஸோர்க்கி என்னும் கமெராவும் அவ்வழியில் வந்தது. இவை தம் பெயரிலேயே விற்கப்பட்டவை. ஆகையால் இவற்றைச் செய்தோர்மீது ஏமாற்றுக் குற்றம் சாராது. பிற்காலத்திலே சிலர் அவற்றின் பெயரைத் தேய்த்தழித்து, லைக்கா எனப் பொறித்து, பொன்முலாம் பூசியும் ஜேர்மன் படையின் கழுகுச் சின்னத்தை வெட்டியும் விலையுயர்த்தி விற்றனர்.

இவற்றைக் கண்டறிய இரு சோதனைகள் பெரிதும் துணைபுரியும். முதலாவது, வில்லையைக் கழற்றி உடலின் உட்புறத்தை நோக்குதல். தொலைவுமானியின் புயத்தின் நுனியில், லைக்காவில் உருளும் சிறு சில்லொன்று இருக்கும். ஃபெட், ஸோர்க்கி ஆகியவற்றின் பெரும்பாலானவற்றில் அவ்விடத்தே உருளாத ஆப்புப்போன்ற உலோகத் துண்டு இருக்கும். இரண்டாவது, வில்லையின் ஒளித்துவாரம் அமைந்த இடம். எல்மாரில் அது முதற்கண்ணாடிக்கு அடுத்தே உள்ளது. சோவியத் வில்லைகளில் இரண்டாம் கண்ணாடிக்கும் அப்பால் உள்ளது. மேற்பொறிப்பை மாற்றுதல் எவர்க்கும் எளிது. உள்ளுறுப்பின் அமைப்பை மாற்றுதற்கு எவரும் முயல்வதில்லை.

இப்போலியாக்கத்தால் வாங்குவோரின் பொருள் மட்டுமே இழக்கப்படுவதில்லை. லைக்கா என்னும் பொய்ப்பெயரைத் தாங்கிய ஒவ்வொரு ஃபெட்டிலும், கார்க்கிவ் இளைஞரின் உழைப்பைக் காட்டும் உண்மையான ஆவணமொன்று அழிக்கப்பட்டிருக்கின்றது.

பேணலும் பதிவும்

வன்னி நிலத்துக்கு இவ்வாராய்ச்சி அயலானதன்று. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பொருள்களோடு புகைப்படங்களும் அவற்றை எடுத்த கருவிகளும் பெருமளவில் அழிந்தன. ஓர் ஊரின் திருமணமும் தேர்த்திருவிழாவும் பள்ளி விளையாட்டுப் போட்டியும் எவ்விதம் இருந்தன என்பதற்குச் சான்றாயிருந்தவை அவை. ஆகவே எங்கேனும் ஒரு பெட்டியில் எஞ்சிய பழைய கமெரா, எந்த நாட்டில் எந்தப் பெயரில் செய்யப்பட்டதாயினும், ஆய்ந்து பதியத்தக்கதாகும். அதன் சந்தை விலை குறைவாயிருத்தல் அதன் சான்று மதிப்பைக் குறைப்பதில்லை.

பதிவிற் கொள்ளவேண்டிய ஒழுங்கு தெளிவானது. தொடர் இலக்கத்தை முதலில் எழுதுக. வில்லையின் பெயர், இலக்கம், துவார வரிசை ஆகியவற்றைத் தனியே குறிக்க. பின்னர் வேகச் சில்லுகள், துளைகள், வளையங்கள், மேற்பூச்சு என்பவற்றை இலக்கத்தோடு ஒப்பிடுக. முரண்பாடு தோன்றின் மாற்றியமைப்பா போலியா என உள்ளுறுப்பைக்கொண்டு தெளிக. இறுதியாக, கருவி எவரிடமிருந்து எவ்வழியாக வந்தது, எவ்வூரில் எதற்குப் பயன்பட்டது என்பதை வீட்டின் மூத்தோரிடம் கேட்டு எழுதுக. முதல் நான்கையும் பின்னொரு நாளில் வேறொருவரும் செய்தல் கூடும். இறுதியானது மூத்தோர் உள்ளபோதே செய்தற்குரியது.

துலக்குதல் இங்கு பெருந்தீங்காகும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்குவதுபோல், கறுப்பு மெருகு தேய்ந்து பித்தளை தெரியும் கமெராவையும் துலக்கினால், கைபட்ட இடங்களின் தேய்வும் பொறிப்பின் கூர்மையும் ஒருங்கே மறையும். மாரிகாலத்து ஈரத்தில், மூடிய தோலுறையினுள்ளே கிடக்கும் வில்லையிற் பூஞ்சணம் எளிதிற் படரும். எனவே உறையினின்றும் வேறாக, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்திலே கருவியை வைத்தல் வேண்டும். பூஞ்சணம் பற்றிய வில்லையைத் தேர்ந்த கைவினைஞரிடமே ஒப்படைத்தல் நன்று.

இலக்கம் ஒன்றையே நம்புவோர், மாற்றியமைக்கப்பட்ட உண்மைக் கருவியைப் பொய்யென்று விலக்குவர். மேற்பொறிப்பு ஒன்றையே நம்புவோர், பொய்க்கருவியை மெய்யென்று ஏற்பர். பொறித்த எழுத்து, புறவடிவம், உள்ளுறுப்பு, வந்த வழி என்னும் நான்கையும் ஒருங்குவைத்து நோக்குவோர்க்கே பொருளின் வரலாறு புலப்படும். மாணவர் இப்பயிற்சியை வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளைக்கொண்டு தொடங்குதல் கூடும். அது கமெராவாயினும், கடிகாரமாயினும், தையற்பொறியாயினும் முறை ஒன்றே.