காட்டுக்குள் ஒளிந்திருந்த முக்கோணங்கள்!

குட்டீஸ்... இரவில் கரன்ட் போனதும், அரிசி சிந்திய தரையில் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? நேர் மேலிருந்து அடித்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது. டார்ச்சைத் தரையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். ஒவ்வொரு அரிசிக்குப் பின்னாலும் நீளமாக நிழல் விழும்! இதே வித்தையால்தான் பின்லாந்து நாடு, தன் காட்டுத் தரையைப் புதிதாகப் பார்த்தது.

பின்லாந்தில் முக்கால் பங்கு காடுதான். 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்த நாடு முழுவதையும் 2 கி.மீ.க்கும் அதிக தடிமனான பனிப்பாளம் மூடியிருந்தது. அது உருகிப் பின்வாங்கியபோது, மண்ணிலும் கல்லிலும் தன் தடத்தை விட்டுச் சென்றது. சில தடங்கள் பெரியவை. புங்காஹர்யூ என்ற இடத்தில், ஏரிகளுக்கு நடுவே 7 கி.மீ. நீளத்துக்கு ஒரு மேடு ஓடுகிறது. அதன் மேல் சாலையே போகிறது. சிறிய தடங்களை யாரும் கவனிக்கவில்லை. காட்டில் பழம் பறிக்கப் போனவர்கள், அவற்றின் மேல் ஏறி இறங்கியும் தெரிந்துகொள்ளவில்லை!

விமானத்திலிருந்து போட்டோ எடுத்தால் மரங்களின் தலைதான் தெரியும். வரைபடமும் உதவாது. 5 மீட்டருக்கு ஓர் உயரக்கோடு போட்டால், 4 மீட்டர் மேடு இரண்டு கோடுகளுக்கு நடுவே காணாமல் போய்விடும்.

2008ல், பின்லாந்து நில அளவைத் துறை லேசர் அளவீட்டைத் தொடங்கியது. விமானம் பறந்தபடியே, ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை லேசர் ஒளியைக் கீழே வீசும். ஒளி திரும்பி வரும் நேரத்தை வைத்து தூரம் கணக்கிடப்படும். பெரும்பாலான ஒளி மரத்தில் பட்டுத் திரும்பிவிடும். கொஞ்சம் மட்டும் இலை இடுக்கு வழியே தரையைத் தொட்டு வரும். அந்தக் கொஞ்சம் போதும்! கம்ப்யூட்டர் மரங்களை நீக்கிவிட்டு, 2 மீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தரையின் உயரத்தைத் தரும். பிறகு சாய்வாக வெளிச்சம் விழுவதுபோல் நிழலிட்டுப் படம் வரையும். நம் டார்ச் வித்தைதான்!

அந்தப் படங்களில், விஞ்ஞானிகள் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது: கூட்டம் கூட்டமாக முக்கோண மேடுகள்! உயரம் பெரும்பாலும் 5 மீட்டருக்கும் குறைவு. அகலமோ 30 முதல் 200 மீட்டர் வரை. முக்கோணத்தின் கூர்முனை, பனிப்பாளம் நகர்ந்த திசையைக் காட்டியது. 2017ல் இவற்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தனர். 'முர்ட்டூ' என்று பெயர். பக்கத்து நாடான ஸ்வீடனிலும் இதே மேடுகள் கிடைத்தன.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை லேசர் சொல்லாது. அதற்கு மண்வாரி இயந்திரம்தான் வேண்டும். தோண்டிப் பார்த்தபோது, தண்ணீர் கொண்டுவந்து சேர்த்த மணலும் கல்லும் அடுக்கடுக்காக இருந்தன. பனிப்பாளம் வேகமாக உருகிய காலத்தில், அதன் அடியில் பாய்ந்த நீர் செய்த வேலை இது!

இதைத் தெரிந்துகொள்ள ஏன் இத்தனை ஆர்வம்? கிரீன்லாந்தில் இன்றும் பெரும் பனிப்பாளம் உருகிக்கொண்டிருக்கிறது. மேலே உருகும் நீர், பிளவுகள் வழியே அடிக்குப் போகிறது. அடியில் அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம் என்றால், சில இடங்களில் பனியின் தடிமன் 3 கி.மீ.! பின்லாந்தோ மூடியைத் திறந்து வைத்த பாத்திரம் மாதிரி. அங்கே அந்த அடித்தரை வெயிலில் கிடக்கிறது.

2012 முதல் இந்த லேசர் அளவுகளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அங்குள்ள பள்ளிச் சிறுவர்கள், தங்கள் வீட்டுக்குப் பின்னால் முக்கோணம் இருக்கிறதா என்று தாங்களே தேடலாம்!