தானே அணைந்து தானே எழும் கணினி

எம் விடுதி அறையில் பழைய மேசைக்கணினி ஒன்று உளது. தமிழ் ஆனர்ஸ் வகுப்புக் கட்டுரைகளை யாம் அதன்கண்ணே எழுதுவது வழக்கம். சென்ற பருவத்தில் அஃது யாதொரு முன்னறிவிப்புமின்றித் திடீரென அணைந்து, தானே மீண்டும் எழலாயிற்று. ஒருமுறை, சேமியாதிருந்த நான்கு பக்கங்கள் அதனுடன் மறைந்தன. வைரஸ் என்றார் ஒரு நண்பர். விண்டோஸை அழித்துப் புதிதாய் இடுக என்றார் மற்றொருவர். மதர்போர்டு போயிற்று, புதிது வாங்குக என்றார் பழுதுபார்ப்பவர். மூவருள் ஒருவரேனும் பெட்டியைத் திறந்து பார்த்தாரல்லர்.

இந்நோயின் தொல்லை யாதெனின், தன் காரணத்தைத் தானே மறைத்துவிடுதலேயாம். விண்டோஸில் பெருங்கோளாறு நேரின் நீலத்திரை (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்பிற் கருந்திரை) தோன்றிப் பிழைக்குறி ஒன்றைக் காட்டும். எனினும் தானாக மறுபடி தொடங்கும் அமைப்பு முன்னரே இடப்பட்டிருத்தலின், படித்து முடிக்குமுன் அது மறைந்துவிடும். ஆதலின் சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரிக்கவரி' என்னும் பகுதியுட் சென்று அவ்வமைப்பினை நீக்குதலே முதற்கண் செய்யத்தக்கது. பின்னர்ப் பிழைத்திரை நிலைத்து நிற்குமாயின், டிரைவர் மென்பொருளையும் ராம் நினைவகத்தையும் ஐயுறலாம். ராமினைச் சோதிக்கும் கருவி விண்டோஸிலேயே உளது.

எம் கணினியிலோ எத்திரையும் தோன்றவில்லை. ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்னும் குறிப்பு மட்டும் இருந்தது. நோய் வெளிப்பட்டதென மகிழ்ந்தோம். ஆயின் அக்குறிப்பு, கணினி முறையாக மூடப்படாமல் மறுபடி தொடங்கிற்று என்பதையன்றி வேறொன்றும் கூறுவதன்று. அதனுள் 'பக்செக்கோட்' 0 என்றிருந்தமையால், மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஆராயத் துணிந்தோம்.

மின்னிணைப்பைக் கழற்றிப் பக்கப்பலகையைத் திறந்தபொழுது, ப்ராஸஸரின் மேலுள்ள ஃபேனில் தூசு பஞ்சுபோற் படிந்திருந்தது. ப்ராஸஸர்கள் பல, வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை எட்டுங்கால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னும் மிகின் கணினி அணைந்துவிடும். தூசினைத் துடைத்தோம். இரண்டு நாள் நலமாயிருந்தது. வெற்றிச் செய்தியை விடுதியெங்கும் பரப்பினோம். மூன்றாம் நாள் மாலை மீண்டும் வீழ்ந்தது. வெப்பமோ 60 டிகிரிதான்.

எஞ்சியது பவர் சப்ளை. மதர்போர்டுக்கு 12, 5, 3.3 வோல்ட்டு மின்னழுத்தங்களை வழங்குவது அதுவே. 12 வோல்ட்டு 11.4-க்குக் கீழே இறங்கலாகாது. அழுத்தங்கள் செம்மையாயிருக்குமளவும் 'பவர் குட்' என்னும் சைகையை அது விடாது அனுப்பும். அச்சைகை ஒரு கணம் தவறினும் மதர்போர்டு கணினியை மீளத் தொடங்கச்செய்யும். உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் முதுமையால் தளர்ந்துழி, வாளா இருக்குங்கால் கணினி ஓடும். வேலைச்சுமை ஏறுங்கால் வீழும். பல மென்பொருள்களை ஒருங்கு திறந்த வேளைகளிலேயே எம் கணினி வீழ்ந்தது அப்பொழுதுதான் நினைவிற்கு வந்தது.

அடுத்த அறை நண்பரிடம் பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கி மாட்டினோம். பத்து நாள் ஒருமுறையேனும் அணைந்திலது. பழையதனைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் எமக்கும் எழுந்தது, அடக்கிக்கொண்டோம். இணைப்பைக் கழற்றிய பின்னும் உயர் மின்னழுத்தம் அதன் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும்; அறியாதார் கை வைத்தல் உயிருக்கே இடராம்.

இப்பொழுது புதிய பவர் சப்ளை வாங்கிவிட்டோம், மதர்போர்டு பழையதே. மறைந்த நான்கு பக்கங்களை மட்டும் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.