மார்னர் ஏன் போனார்? கனடாத் தமிழரின் பனி ஹாக்கி வழக்கு

சித்திரை வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் சொல்லக் கனடாவிலிருந்து அழைக்கும் உறவுகள், நலம் விசாரித்து முடித்ததும் சம்பூரில் பலருக்குப் பிடிபடாத ஒரு சங்கதிக்குத் தாவிவிடுவது உண்டு. லீஃப்ஸ் இந்த முறை தேறுமா, மார்னரை விட்டது சரியா, நடுவர்கள் ஏன் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்? பேசுவது அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை என்றால் குரலில் சூடு இன்னும் ஏறும். ஐஸ் என்றதும் மீன்பெட்டியை நினைக்கும் கடற்கரை ஊருக்கு, அதன்மேல் சறுக்கி ஆடும் ஆட்டம் ஒன்று இத்தனை கோபத்தைக் கிளப்புவது புதிர்தான். ஆனால், 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது எழுந்த வாக்குவாதத்தை நினைத்துப் பார்த்தால் புதிர் பாதி அவிழ்ந்துவிடும். மீதிப் பாதி விதிகளில் இருக்கிறது.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கனடிய மீனவர்கள் மீட்டார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோப் பகுதியின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பள்ளிக்கூடம் போனார்கள். 2006 இல் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. காணிகள் படிப்படியாகத் திரும்பக் கிடைத்தது 2015, 2016 இல்தான். அந்த இடைக்காலத்தில் சிதறிய குடும்பங்களில் கடல் கடந்தவர்களும் உண்டு. புதிய நாட்டின் பள்ளியில் நண்பர்களோடு பேச ஒரு பொதுப் பேச்சு வேண்டும். ரொறன்ரோவில் அந்தப் பேச்சு மேப்பிள் லீஃப்ஸ்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல்காப்பாளரும். பந்துக்குப் பதில் பக் எனப்படும் கட்டி ரப்பர் வட்டு. இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். தவறு செய்தவர் இரண்டு நிமிடமோ அதற்கு மேலோ வெளியே உட்கார வேண்டும். அதுவரை அவருடைய அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். நடுவரின் ஒரு விசில் ஆட்டத்தையே திருப்பிவிடக்கூடிய இடம் இதுதான். தேசிய ஹாக்கி லீக்கில் 32 அணிகள். அவற்றில் 16 ஏப்ரல் நடுவில் இறுதிக்கட்டச் சுற்றுகளுக்குள் போகும். ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கை வென்றவர் மேலே போவார். அப்படி நான்கு சுற்றுகளைத் தாண்டியவருக்கு ஸ்டான்லி கிண்ணம். லீஃப்ஸ் அதைக் கடைசியாக வென்றது 1967 இல். இன்றைய அணிகளில் இவ்வளவு காலம் காத்திருப்பது வேறெதுவும் இல்லை.

இனி மார்னர். மிட்ச் மார்னர் பிறந்ததே மார்க்கத்தில், தமிழர் செறிந்து வாழும் அதே நகரத்தில். 2015 இல் லீஃப்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒன்பது பருவங்கள் ஆடினார். 2024-25 பருவத்தில் கோல்களும் கோலுக்கான உதவிகளுமாக 102 புள்ளிகள் எடுத்தார். அத்தனையும் வழக்கமான பருவத்துக் கணக்கு. இறுதிக்கட்டத்தில், அவர் ஆடிய ஒன்பது ஆண்டுகளிலும் லீஃப்ஸ் வென்ற தொடர்கள் இரண்டே இரண்டு: 2023 இல் தம்பாவை, 2025 இல் ஒட்டாவாவை.

2025 மே 18, ஞாயிறு. ரொறன்ரோத் தமிழர் பலருக்கு அது முள்ளிவாய்க்கால் நினைவுநாள். அன்று இரவே புளோரிடாவுக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டமும் நடந்தது. முதல் இரண்டு ஆட்டங்களை வென்று முன்னணியில் நின்ற லீஃப்ஸ், சொந்த அரங்கில் 6-1 என்று நொறுங்கியது. ரசிகர்கள் தங்கள் ஜேர்சிகளைக் கழற்றிப் பனித்தளத்தில் எறிந்தார்கள். ஏறத்தாழ ஆறு வாரத்தில் மார்னர் லாஸ் வேகாஸுக்குப் போய்விட்டார். அவருக்கு ஈடாக வந்தவர் நிக்கொலா ருவா என்ற ஒருவர் மட்டும். நூறு புள்ளி எடுத்தவருக்கு இதுதானா விலை? ஸ்காபரோவின் கோபம் இங்கேதான் கொதிக்கிறது.

விடை கணக்கில் இருக்கிறது. 2004-05 பருவம் முழுவதும் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை; உரிமையாளர்கள் கதவைப் பூட்டினார்கள். அந்தச் சண்டையின் முடிவில் வந்ததுதான் சம்பள உச்சவரம்பு. தொடக்கத்தில் அணிக்கு 39 மில்லியன் அமெரிக்க டொலர். 2024-25 இல் 88 மில்லியன். 2025-26 இல் 95.5 மில்லியன். எவ்வளவு பணக்கார அணியானாலும் இதைத் தாண்டக் கூடாது. ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே தொகை என்று வைப்பதைப் போன்ற ஏற்பாடு. ஆனால் இங்கே ஒப்பந்தங்கள் ஏழெட்டு ஆண்டு வரைகூட நீளலாம். லீஃப்ஸ் செய்தது என்ன? மத்தியூஸுக்கு 13.25, நைலாண்டருக்கு 11.5, டவாரஸுக்கு 11, மார்னருக்கு 10.9 மில்லியன். 88 மில்லியனில் பாதிக்கு மேல் நான்கு பேருக்கே போனது. பின்காவலுக்கும் கோல்காப்பாளருக்கும் மாற்று வரிசைகளுக்கும் எஞ்சியதைத்தான் பங்கிட வேண்டியிருந்தது. ஏழாவது ஆட்டத்தில் அணிகள் தோற்பதற்கான காரணத்தைப் பெரும்பாலும் அந்த எஞ்சிய பங்கில்தான் தேட வேண்டும். மார்னரின் மனத்திடத்தைப் பற்றிப் பேசுவோர் இந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை.

அப்படியானால் ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு ஆண்டுகளில் அவரை நல்ல விலைக்கு மாற்றியிருக்கலாமே? முடியாது. அவருடைய ஒப்பந்தத்தில் தன் சம்மதமின்றித் தன்னை எங்கும் அனுப்ப முடியாது என்ற மறுப்புரிமைப் பிரிவு அப்போது நடைமுறையில் இருந்தது. ஐபிஎல்லில் எந்த வீரரை மாற்றவும் அவருடைய சம்மதம் வேண்டும். வட அமெரிக்க ஹாக்கியில் நிலைமை தலைகீழ்: அந்தப் பிரிவை எழுதி வாங்காதவரைக் காலையில் ஒரு தொலைபேசி அழைப்பில் வேறு நகரத்துக்கு அனுப்பிவிடலாம்.

2016 ஜூன் 29 அன்று மொன்றியலில் அதுதான் நடந்தது. கரீபியன் தீவுகளிலிருந்து வந்த குடும்பத்தில் ரொறன்ரோவில் பிறந்தவர் மொன்றியல் அணியின் வீரர் பி. கே. சுபன். அதற்கு முந்தைய ஆண்டுதான் மொன்றியல் சிறுவர் மருத்துவமனைக்குப் பத்து மில்லியன் டொலர் திரட்டித் தருவதாக உறுதியளித்திருந்தார். அவருடைய மறுப்புரிமை ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வரவிருந்தது. இரண்டு நாளுக்கு முன்பே நாஷ்வில்லுக்கு மாற்றிவிட்டார்கள். வந்தேறிக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று ஒரு நகரத்தைத் தன் நகரமாக வரித்துக்கொண்ட பிறகு அந்த நகரத்தின் அணி இப்படிச் செய்ததைப் பலர் இன்றும் மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்றும் இல்லை. ஆனால் சுபன் நிகழ்ச்சியைக் கண்டித்தவரே மார்னரைப் பார்த்து, மறுப்புரிமையைக் காட்டி ஊரை ஏமாற்றியவர் என்று சொன்னால் அது நியாயமல்ல. இருவர் கதையிலும் நடுவே நிற்பது அதே பிரிவுதான்.

ஒப்பந்தம் முடிந்து, 2025 ஜூலை 1 அன்று மார்னர் எந்த விலையும் இல்லாமல் யாரிடமும் போயிருக்கலாம். ரொறன்ரோவின் கையில் இருந்தது ஒரே ஒரு பிடி: புதிய அணி நேரடியாக எடுத்தால் ஏழு ஆண்டு ஒப்பந்தம்தான் தர முடியும், பழைய அணியால் எட்டு ஆண்டு தர முடியும். அந்த எட்டாவது ஆண்டை எழுதிக் கொடுத்து, ஆண்டுக்கு 12 மில்லியன் என்ற ஒப்பந்தத்தோடு வேகாஸுக்கு அனுப்பியது. அதற்கு ஈடாகத்தான் ருவா. ஒரு நட்சத்திரத்தின் விலையாகப் பார்த்தால் அற்பம். ஓர் ஆண்டின் விலையாகப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை.

வரியும் இந்த வழக்கில் ஒரு கட்சி. புளோரிடா, நெவாடா, டெக்சாஸ் மாநிலங்களில் மாநில வருமான வரி இல்லை. ஒன்ராறியோவிலோ உச்ச வருமானத்தில் பாதிக்கு மேல் வரியாகப் போகும். 2020 முதல் 2025 வரை ஆறு கிண்ணங்களில் ஐந்து வரியில்லா மாநிலங்களுக்குப் போயின: புளோரிடா மாநிலத்துத் தம்பாவுக்கு இரண்டு, வேகாஸுக்கு ஒன்று, புளோரிடா அணிக்கு இரண்டு. இதைக் காட்டி, எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்கிறார்கள் ரொறன்ரோ ரசிகர்கள். இதில் உண்மை உண்டு. முழு உண்மை அல்ல. அதே வரிச்சலுகையோடு புளோரிடா அணி 1996 க்குப் பிறகு 2022 வரை ஒரு தொடரைக்கூட வெல்லவில்லை.

உச்சவரம்பை வளைத்த கதையும் உண்டு. 2020-21 பருவம் முழுவதும் தம்பாவின் நிக்கிட்டா குச்செரோவ் இடுப்புச் சிகிச்சைக்காக வெளியே இருந்தார். அவருடைய சம்பளம் காயமடைந்தோர் பட்டியலில் சேர்ந்தது. இறுதிக்கட்டத்தில் உச்சவரம்பு பொருந்தாது என்பதால் முதல் ஆட்டத்திலேயே திரும்பி வந்தார். 32 புள்ளிகளோடு எல்லோரையும் முந்தினார். கிண்ணம் தம்பாவுக்கு. விதியில் ஓட்டை இருந்ததை எல்லோரும் அறிந்திருந்தும் அது அடைபட 2025-26 பருவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது இறுதிக்கட்டத்தில் களமிறங்கும் இருபது பேரின் சம்பளமும் உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும்.

நடுவர் பற்றிய வழக்கு இதைவிடப் பழையது. 1993 மே 27, லொஸ் ஏஞ்சல்ஸ். அரையிறுதித் தொடரில் லீஃப்ஸ் 3-2 என முன்னணி. ஆறாவது ஆட்டம் 4-4 இல் மேலதிக நேரத்துக்குப் போயிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் அணியின் வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை லீஃப்ஸின் டக் கில்மரின் நாடியில் பட்டு இரத்தம் வந்தது. விதிப்படி கிரெட்ஸ்கி வெளியே போயிருக்க வேண்டும். நடுவர் கெரி ஃபிரேசர் எதுவும் கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் அதே கிரெட்ஸ்கி. ஏழாவது ஆட்டத்தில் மூன்று கோல் போட்டு லீஃப்ஸை வீட்டுக்கு அனுப்பியவரும் அவர்தான். தான் அந்த அடியைக் காணவில்லை என்று ஃபிரேசர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இன்றும் ரொறன்ரோவில் அவர் பெயரைச் சொன்னால் முகங்கள் மாறும். இலங்கையருக்கு இதை விளக்கவே வேண்டாம். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் மூன்று ஓவருக்குள் முரளிதரனுக்கு ஏழு முறை நோபோல் சொன்ன டரல் ஹெயரின் பெயரைச் சொன்னால் போதும்.

அன்று பனித்தளத்தில் ஒரே ஒரு பிரதான நடுவர்தான் இருந்தார். வேகமாகச் சறுக்கும் பத்துப் பேரை ஒருவர் பார்க்க முடியாது என்பது தெரிந்ததே. 2000-01 பருவத்திலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் இரண்டு பிரதான நடுவர்கள் வந்தார்கள். 2019 ஏப்ரல் 23 அன்று இன்னொரு பாடம். ஏழாவது ஆட்டத்தில் 3-0 என முன்னணியில் இருந்த வேகாஸின் வீரர் ஒருவருக்கு நடுவர்கள் ஐந்து நிமிடத் தண்டனை கொடுத்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எதிரணியான சான் ஹோசே நான்கு கோல் போட்டு, மேலதிக நேரத்தில் தொடரையும் வென்றது. தண்டனை மிகையானது என்று லீக் தங்களிடம் மன்னிப்புக் கேட்டதாக வேகாஸ் நிர்வாகம் சொன்னது. அடுத்த பருவத்திலிருந்து பெரிய தண்டனைகளைக் காணொளியில் சரிபார்க்கும் விதி வந்தது.

ஆனாலும் காணொளி தொடாத ஓர் இடம் இருக்கிறது: கொடுக்காமல் விட்ட தண்டனை. இறுதிக்கட்டத்தின் கடைசி நிமிடங்களில் முடிவைத் தாங்கள் தீர்மானித்துவிடக் கூடாது என்று நடுவர்கள் தயங்குவதாக ரசிகர்கள் நம்புகிறார்கள். கொடுக்காமல் விடுவதும் ஒரு தீர்ப்புத்தான். 2021 மார்ச்சில் ரிம் பீல் என்ற நடுவர், பெரிய தவறு ஏதுமில்லை, ஆனாலும் நாஷ்வில்லுக்கு எதிராகத் தொடக்கத்திலேயே ஒன்று கொடுக்க நினைத்தேன் என்ற பொருளில் பேசியது ஒலிவாங்கியில் சிக்கியது. லீக் அவரை அத்தோடு நிறுத்தியது. ரசிகர்களின் சந்தேகம் நிற்கவில்லை, வலுத்தது. வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக் 2015 முதல், நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளில் எது சரி, எது பிழை என்று மறுநாள் அறிக்கை வெளியிடுகிறது. ஹாக்கி லீக் அதைச் செய்வதில்லை. செய்ய வேண்டும். காரணம் சொல்லப்படாத தீர்ப்பைச் சதி என்று சந்தேகிக்கும் ரசிகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. புளோரிடாவிடம் தோற்ற பிறகு தன் வீட்டு முகவரி பரப்பப்பட்டதையும் குடும்பத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய நேர்ந்ததையும் மார்னர் பின்னர் சொன்னார். அப்போது அவருடைய மகன் கைக்குழந்தை. சம்பள உச்சவரம்பை வகுத்தது அவரல்ல. நான்கு பேருக்குப் பாதிப் பணத்தைப் பிரித்ததும் அவரல்ல.

2026 செப்டம்பரில் நடைமுறைக்கு வரும் புதிய கூட்டு ஒப்பந்தம் எட்டு ஆண்டை ஏழாகவும், ஏழு ஆண்டை ஆறாகவும் குறைக்கிறது. வழக்கமான ஆட்டங்களை 82 இலிருந்து 84 ஆக்குகிறது. மத்தியூஸின் நான்காண்டு ஒப்பந்தம் 2028 கோடையில் முடியும். அவரிடமும் மறுப்புரிமை இருக்கிறது.