டிவிடிக்குள் மாட்டிக்கொண்ட லிங்க்குகள்

லிங்க் பதித்த டிவிடி ஒன்றை டிவியோடு இணைத்த பிளேயரில் போட்டால் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. மெனு வரும், படம் ஓடும். அதே வட்டைக் கம்ப்யூட்டரில் போட்டால் ஒரு மெனுவைத் திறந்ததும் பிரவுசர் எழுந்து ஏதோ ஓர் இணையதளத்துக்குக் கூட்டிப்போகும். 1999-இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ டிவிடி காலத்தில் இது பெரிய கவர்ச்சி. பிறகு பயிற்சி வீடியோ தயாரித்தவர்கள், இசைக்குழுக்கள், சிறு ஸ்டுடியோக்கள் எல்லோரும் தங்கள் வட்டுகளில் லிங்க் வைத்தார்கள்.

வட்டு இன்னும் ஓடுகிறது. லிங்க் போய்ச் சேரும் இடம்தான் இல்லை. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குள் காணாமல் போய்விட்டதாக, பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. வெறுமனே காணாமல் போனால்கூடப் பரவாயில்லை. ஜெர்மனியில் ஹைன்ஸ் நிறுவனம் தன் கெட்சப் பாட்டிலில் ஒரு போட்டிக்காக க்யூஆர் குறியீடு அச்சிட்டது. போட்டி முடிந்தபின் டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டதில் அது வேறு கைக்குப் போனது. 2015-இல் அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்தவர் வந்து நின்றது ஆபாசத் தளத்தில். டிவிடியில் பதிந்த முகவரிக்கும் இதே ஆபத்து உண்டு.

1996-இல் புழக்கத்துக்கு வந்த டிவிடி வீடியோ தரத்தில் இணையத்துக்கு இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தனக்கென ஒரு வழி கண்டுபிடித்தது. ஆப்பிள் 2001-இல் வெளியிட்ட ‘டிவிடி ஸ்டுடியோ புரோ’வில் இருந்த வசதிக்கு ‘டிவிடி ஆக்சஸ்’ என்று பெயர். மெனுவிலோ, படத்தின் நடுவே ஓர் இடத்திலோ முகவரியை ஒட்டிவைக்கலாம். மேக்கின் டிவிடி பிளேயர் அதைப் படித்துக்கொள்ளும். விண்டோஸுக்குத் தனியாக ஒரு சின்ன நிரலை வட்டிலேயே வைத்துத் தர வேண்டும். அந்த நிரல் எக்ஸ்பி காலத்துச் சரக்கு என்பதால், விண்டோஸில் லிங்க் திறக்காவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. சில லிங்க்குகள் இணையத்துக்குப் போகாமல், அதே வட்டில் இருக்கும் ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறக்கும். மேக்கில் அந்தப் பாதைக்குள் வட்டின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். நகல் எடுக்கும்போது வட்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் லிங்க் செத்துவிடும். எந்தத் தளமும் மூடப்படவில்லை, கோப்பும் அங்கேயே இருக்கிறது. பழைய பெயரில் மறுபடி பர்ன் செய்தால் போதும்.

மற்றதெல்லாம் கொஞ்சம் உழைப்புக் கேட்கும். ஒருமுறை எழுதிய வட்டைத் திருத்த முடியாது. ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, அதைத் திருத்தி, புது வட்டில் எழுத வேண்டும். மூலப் புராஜெக்ட் கோப்பு கையில் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் டிவிடி ஸ்டுடியோ புரோவை ஆப்பிள் 2011-இல் கைவிட்டது. அது 32-பிட் நிரல். 2019-இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா முதல் ஓடாது. பழைய மேக் ஒன்றைத் தூசி தட்டத்தான் வேண்டும்.

புராஜெக்ட் இல்லையென்றால் கோப்புகளுக்குள்ளேயே இறங்க வேண்டும். வட்டில் எச்டிஎம்எல் பக்கங்களாக இருக்கும் லிங்க்குகள் சுலபம், நோட்பேடே போதும். வீடியோவின் கட்டுப்பாட்டுக் கோப்புகளான ஐஎஃப்ஓக்கள் அப்படியல்ல. அவற்றில் ஒவ்வொரு தகவலும் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்பது முக்கியம். கோப்பை பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் முகவரியை மாற்றினால் பழைய நீளத்துக்கு மேல் ஒரு எழுத்துகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் பின்னால் உள்ளவை எல்லாம் நகர்ந்து வட்டு குழம்பிப்போகும். ஐஎஃப்ஓ கோப்பில் செய்த திருத்தத்தை அதன் காப்புப் பிரதியான பியூபி கோப்பிலும் செய்ய வேண்டும்.

இங்கேதான் ஒரு முடிச்சு. இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய பக்கம் கிடைத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அதன் முகவரி காப்பகத்தின் பெயர், 14 இலக்கத் தேதி நேரம், கடைசியில் பழைய முகவரி என்று நீளும். பழைய இடத்தில் அது ஒருநாளும் அடங்காது.

எனவே நான் வட்டைத் தொடுவதற்கு முன் டொமைனைத்தான் பார்ப்பேன். பழைய டொமைன் யாரிடமும் இல்லாமல் விற்பனைக்கு இருந்தால் வாங்கிவிடலாம். அங்கிருந்து வேபேக் பக்கத்துக்கோ புதிய தளத்துக்கோ திருப்பிவிட்டால், ஏற்கெனவே விற்றுப்போன ஆயிரம் வட்டுகளும் ஒரே நாளில் சரியாகும். டொமைன் கைமாறிவிட்டால் மட்டுமே ஹெக்ஸ் எடிட்டர். அப்போதும் உள்ளே எழுதுவது நம் பெயரில் இருக்கும் ஒரு குட்டி முகவரியாக இருக்கட்டும். எங்கே திருப்புவது என்பதைச் சர்வரில் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.