பாட்மின் மேட்டுநிலத்து மர்ம மிருகம்

இங்கிலாந்து தேசத்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வால் ஜில்லாவில் பாட்மின் மூர் என்று வழங்கும் மேட்டுநிலம் ஒன்று உண்டு. கருங்கற்பாறைகளும் புல்லும் நிறைந்த அவ்விடத்தில் ஆடுமாடுகள் திறந்த வெளியில் மேய்வது வழக்கம். 1990-ம் வருஷத்தையடுத்த சில ஆண்டுகளில், கரிய பெரும்பூனை ஒன்று அங்கே திரிவதாகவும், ஆடுகளைக் கொன்று தின்பதாகவும் குடியானவர்கள் இடைவிடாது முறையிட்டு வந்தனர்.

சிறுத்தையும் புலியும் இயற்கையில் இல்லாத தேசம் அது. ஆயினும், அபாயகரமான காட்டு மிருகங்களை வளர்ப்போர் லைசென்சு பெறவேண்டுமென்று 1976-ம் வருஷத்தில் சட்டம் ஏற்பட்டபோது, சிலர் தாம் வளர்த்தவற்றை வெளியே விட்டிருக்கக்கூடுமென்று பலரும் கருதினர். இக்கருத்தை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. 1980-ம் வருஷத்தில் ஸ்காட்லாந்திலுள்ள கானிச் என்னுமிடத்தில் ஒரு குடியானவர் வைத்த கூண்டில், பூமா என்னும் அமெரிக்கப் பெரும்பூனை உயிருடன் அகப்பட்டது. ஆனால் அது கொழுத்தும், மனிதரிடம் பழகியும் இருந்தமையால், நெடுநாள் காட்டில் திரிந்ததாகத் தோன்றவில்லை.

கார்ன்வால் குடியானவர்களின் முறையீட்டின்மேல், 1995-ம் வருஷத்தில் விவசாய மந்திரி இலாகா உத்தியோகஸ்தர் இருவரைக் கொண்டு ஆறு மாத காலம் விசாரணை நடத்தியது. செலவு சுமார் 8,200 பவுன். அவர்கள் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. மிருகத்தைப் படம்பிடித்த இடங்களுக்கே சென்று, அது நின்ற இடத்தில் அளவுகோலை நாட்டி மறுபடியும் படம் எடுத்தனர். அவ்வாறு அளந்தபோது, ஊரை நடுங்கச் செய்த மிருகங்களுள் ஒன்றின் தோளுயரம் ஏறக்குறைய ஓரடியே என்று தெரிந்தது. அதாவது வீட்டுப் பூனை! தூரத்தில் அளவுக்குரிய பொருள் ஒன்றும் அருகில் இல்லாதபோது கண் இவ்விதம் ஏமாறுவது இயல்பே.

இறந்த ஆடுகளைப் பற்றிய விசாரணை இன்னும் கடினமானது. பூனையினம் பெரும்பாலும் குரல்வளையைக் கவ்விக் கொல்லும். நாயோ தொடையிலும் விலாவிலும் கண்டபடி கடித்துக் குதறும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்வதால் அடிச்சுவட்டில் நகக்குறி சாதாரணமாகப் பதியாது. நாயின் சுவட்டில் பதியும். ஆனால் நோயால் மாண்ட ஆட்டையும் நரியும் காகமும் ஓரிரவிற்குள் உருத்தெரியாமல் செய்துவிடும். எனவே, பிணத்தை விரைவில் பார்வையிடாவிடில் அறிக்கை அதிகம் பயன்படாது.

பெரும்பூனை உண்டென்பதற்கு உறுதியான சாட்சியம் இல்லையென்றும், இல்லவே இல்லையென்று நிரூபிப்பதும் இயலாதென்றும் இலாகா அவ்வருஷம் ஜூலை மாதத்தில் அறிக்கை வெளியிட்டது. ஆடுகளை இழந்தவர்களுக்கு இது திருப்தியளிக்கவில்லை. சில தினங்களுக்குள் ஃபோய் ஆற்றில் ஒரு சிறுவன் கோரைப்பற்களோடு கூடிய பெரிய மண்டையோடு ஒன்றைக் கண்டெடுக்கவே, பரபரப்பு மீண்டும் மூண்டது. லண்டன் இயற்கைச் சரித்திரக் காட்சிசாலையார் அதைச் சோதித்து, இளம் ஆண் சிறுத்தையினுடையதே என்றனர். ஆனால் ஓட்டின் பின்புறம் வெட்டப்பட்டிருந்தது; கத்திக் கீறல்களும் இருந்தன. உள்ளே, வெப்ப தேசங்களில் மட்டும் வாழும் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. அம்மண்டையோடு சிறுத்தைத் தோல் விரிப்பு ஒன்றோடு அயல்நாட்டிலிருந்து வந்ததாகும்.